மாதிரி இரண்டில் மகரந்தம் இல்லை

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அதே பரிசோதனைக்கூடத்தில் இப்போது சேர்ந்திருக்கிறாளாம். பழைய பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள். "சார், தேன்ல மகரந்தமே இல்லேன்னா அது தேன் இல்லேன்னு எழுதிடலாமா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் அம்மா என்று சொல்லி வைத்தேன். இன்னும் கூப்பிடவில்லை.

பதில் தெரியாமல் இல்லை. இரண்டு பதில் தெரியும். இரண்டுமே ஒரே கண்ணாடி ஸ்லைடைப் பார்த்து நான் எழுதியவை. எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போனில் சொல்லக்கூடிய அளவுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்பார்கள். எனக்கு இதுவரை அப்படி நடந்ததில்லை.

நான் அம்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற பாடி ஊர்க்காரன். என் பெயர் ஏகாம்பரம். அப்பா காலத்தில் எங்களுக்கு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அந்த நிலத்தில் தொழிற்சாலை வந்ததும் அதே இடத்தில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். தாவரவியல் படித்தேன். ஏன் தாவரவியல் என்று கேட்டால், அதில்தான் இடம் கிடைத்தது. படித்து முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உணவுப் பொருள் சோதிக்கும் ஒரு தனியார் கூடத்தில் சேர்ந்தேன். மிளகாய்த்தூளில் செங்கல்பொடி, டீத்தூளில் மரத்தூள், நெய்யில் வனஸ்பதி என்று வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் தேன் மாதிரிகள் அதிகம் வர ஆரம்பித்தன. மகரந்தம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சப்பாத்தி தின்றேன். மகரந்தம் பார்த்தேன்.

அங்கே சொல்லிக்கொடுத்ததை நான் புரிந்துகொண்ட விதம் இது. தேனீ பூவில் தேன் குடிக்கப் போகும்போது அந்தப் பூவின் மகரந்தமும் கூடவே தேனில் வந்துவிடும். ஒவ்வொரு செடிக்கும் மகரந்தத்தின் உருவம் வேறு. எனவே மகரந்தத்தை எண்ணினால் தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். நூற்றுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் ஒரே செடியின் மகரந்தம் இருந்தால் அது அந்தச் செடியின் தேன். மகரந்தமே இல்லாவிட்டால் அது சர்க்கரைப் பாகு. ஆசிரியர் இதைவிட நிறையச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. என் நோட்டில் இவ்வளவுதான் இருந்தது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஸ்லைடுகளைத் தயாரித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி, மாங்காடு என்று பூப்பறிக்கப் போனேன். வேம்பு, புங்கம், புளி, முருங்கை, தென்னை, தும்பை, தொட்டாற்சிணுங்கி என்று எதையும் விடவில்லை. மாங்காட்டில் ஓர் அம்மாள் கையும் களவுமாகப் பிடித்தார்.

"யோவ், முருங்கப்பூவ இன்னாத்துக்குய்யா பறிக்கிற?"

"பரிசோதனைக்கும்மா."

"பூவுக்கு இன்னாய்யா பரிசோதன? அதுக்கு இன்னா காய்ச்சலா?"

சட்டைப்பையில் இருந்த பூவைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் கூடத்தில் முருங்கை ஸ்லைடு மட்டும் வேறொரு நாள், வேறொரு வேலியில் எடுத்தது.

தேன் மாதிரி வந்தால் செய்வது இது. பத்து கிராம் தேனை எடை போட்டு, கை பொறுக்கும் சூட்டில் இருபது மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைக்க வேண்டும். அதற்குமேல் சூடு கூடாது. கரைசலைக் கூம்பான கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, சுழற்றும் இயந்திரத்தில் பத்து நிமிடம் சுற்றவிட வேண்டும். எங்கள் இயந்திரம் பழசு. இரண்டு பக்கமும் எடை சரியாக இல்லாவிட்டால் மேஜையோடு நடக்க ஆரம்பித்துவிடும். சுற்றி நின்றதும் மேலே உள்ள தண்ணீரைச் சாய்த்துவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி சுற்ற வேண்டும். கடைசியில் குழாயின் அடியில் ஒரு கடுகளவு படிவு நிற்கும். அதை ஸ்லைடில் பரப்பி, காயவைத்து, சிவப்புச் சாயம் கலந்த ஜெலட்டின் ஒரு துளி வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, ஓரத்தை நகப்பாலிஷ் தடவி அடைப்போம். நகப்பாலிஷ் வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பிறகு நுண்ணோக்கியில் வைத்து, ஏர் உழுகிற மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், கொஞ்சம் இறங்கி மறுபடி இந்த ஓரம் என்று நகர்த்தி, முந்நூறு வரும்வரை எண்ண வேண்டும். தென்னை படகு மாதிரி இருக்கும். யூகலிப்டஸ் முக்கோணம். தொட்டாற்சிணுங்கி நாலு நாலாக ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாகத் தெரியும். நல்ல தேனென்றால் ஒரு பார்வை வட்டத்துக்குள்ளேயே இருபது முப்பது தெரியும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வேதியியல் பகுதியில் இருந்த வரதன் என்னைத் 'தூள் மாஸ்டர்' என்று கூப்பிடுவான். ரிப்போர்ட்டில் சர்க்கரை, ஈரப்பதம், அமிலம் என்று அவன் எண்கள்தான் முக்கால் பக்கம் இருக்கும். என் மகரந்தம் கடைசியில் ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியை வைத்து ஒருநாள் அவன் முக்கால் பக்கத்தையும் கவிழ்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

எங்கள் மேலதிகாரி கமலவேணி மேடம். ஐம்பதை நெருங்கும் வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போக வேண்டும். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நம்மை நிமிர்ந்து பார்த்து, ஒரே ஒரு தடவை கேட்பார்: "சந்தேகம் உண்டா?" இல்லை மேடம் என்றால் ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். உண்டு என்றால் பேனாவை மூடிவிடுவார். அன்றைக்கு நாம் வீட்டுக்குப் போக ஏழு மணி ஆகும். மறுபடி சோதனை, மறுபடி கணக்கு. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாரே என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அது சோம்பேறித்தனமா, நம்பிக்கையா, நம் தலையில் பாரத்தை ஏற்றும் தந்திரமா என்று அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு கோடையில் ஆவடியிலிருந்து இரண்டு தேன் மாதிரிகள் வந்தன. ராணுவத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்று உண்டு. அங்கே விற்ற தேன் வெல்லப்பாகு மாதிரி இருக்கிறது என்று யாரோ புகார் செய்ய, செயலாளர் இரண்டு பாட்டில்களை எங்களுக்கு அனுப்பியிருந்தார். மாதிரி ஒன்று, புதிதாக ஒருவர் விற்க வந்த மலைத்தேன். மாதிரி இரண்டு, நான்கு வருடமாகப் பண்டகசாலையில் விற்றுக்கொண்டிருந்த தேன். யார் கொண்டு வந்தது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மாதிரி ஒன்றைத் திறந்ததும் வாசனை தூக்கியது. கலங்கிய பழுப்பு நிறம், மெழுகுத் துணுக்கு, ஒரு தேனீயின் கால். ஸ்லைடில் வைத்தால் மகரந்தம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. எண்ணி முடிக்கவே அரை நாள் போனது. மாதிரி இரண்டு வெளிர் மஞ்சள், தெளிவாக இருந்தது. வரதனின் சோதனைகளில் ஈரப்பதம் கொஞ்சம் அதிகம், ஆனாலும் எல்லையைத் தாண்டவில்லை. சர்க்கரை அளவுகள் எல்லைக்குள். பாகு கலந்திருந்தால் சிவப்புக் காட்டும் சோதனையில் லேசான ரோஜா நிறம் வந்து உடனே போய்விட்டது. "பாஸ்தாம்பா" என்றான் வரதன்.

நான் ஸ்லைடைப் பார்த்தேன். காலி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உழுதேன். இன்னொரு ஸ்லைடு போட்டேன். மூன்றாவது போட்டேன். மூன்றிலும் சேர்த்து மொத்தம் பதினொன்று. சவுக்கு ஐந்து, தென்னை நாலு, தொட்டாற்சிணுங்கி இரண்டு. அவ்வளவுதான்.

குழாய் கழுவும் கன்னியம்மா அக்கா பக்கத்தில் நின்று, "இன்னா சார், இத்தினி நேரம் உத்துப் பாத்துகினு கீற?" என்றார்.

"ஒண்ணுமே இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லாததையா மூணு மணி நேரமா பாக்குற?"

அப்போது நான் சிரித்தேன். மனதுக்குள் வெற்றிக் களிப்பு. வரதன் பாஸ் என்கிறான், என் ஒற்றை வரி இல்லை என்கிறது. ரிப்போர்ட் படிவத்தில் கடைசியில் முடிவு என்று இரண்டே வாசகங்கள் அச்சிட்டிருக்கும்: தேனின் தரத்துக்கு உட்பட்டது, உட்படாதது. வேண்டாததை அடித்துவிட வேண்டும். மாதிரி இரண்டுக்கு 'உட்பட்டது' என்பதை அடித்தேன். மாதிரி ஒன்றுக்கு 'உட்படாதது' என்பதை அடித்தேன். இரண்டிலும் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நாலு மணிக்கு மேடம் பேனாவைத் திறந்தார்.

"சந்தேகம் உண்டா?"

அந்த லேசான ரோஜா நிறம் எனக்கு நினைவுக்கு வந்தது. சர்க்கரை அளவுகள் சரியாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. சர்க்கரைப் பாகென்றால் அவை எப்படிச் சரியாக இருக்கும் என்று ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. உண்டு என்றால் ஏழு மணி ஆகும். அதைவிட, வரதன் முன்னால் என் ஒற்றை வரி ஆட்டம் கண்டதாகிவிடும்.

"இல்லை மேடம்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் எங்கள் ரிப்போர்ட். அது பண்டகசாலைக்கு அனுப்பியது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பசை காய்ந்திருந்தது.

"ஏகாம்பரம் சார் யாரு?"

"நான்தான்."

"எம்பேரு தங்கராஜ். ஆவடியில ஃபிட்டர். இந்த மாதிரி இரண்டு என் தேனாக்கும், சாரே."

குமரிக்காரர். மார்த்தாண்டத்துப் பக்கம் அவருடைய அண்ணன் ரப்பர் தோட்டங்களில் தேனீப்பெட்டி வைத்திருக்கிறார். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் தங்கராஜ் டின்னில் தேன் கொண்டுவந்து பண்டகசாலையில் கொடுப்பார். இந்தப் புகாருக்கு முன் நான்கு வருடத்தில் ஒரு புகார் இல்லை. அதோடு அவர் பண்டகசாலைக் குழுவில் உறுப்பினர். அரிசி மூட்டை வந்தால் அவர் கையால் அள்ளிப் பார்த்து சரி என்று சொன்னால்தான் இறக்குவார்கள். திருநெல்வேலிக்காரர், வேலூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று ஊருக்கு ஒரு குடும்பமாக இருக்கிற குடியிருப்பில், எல்லோரும் நம்புகிற ஆளாக இருப்பது லேசான காரியமில்லை. ரிப்போர்ட் ஒட்டிய மறுநாள் காலையில் அவர் கதவைத் திறந்தால் வாசலில் தேன் பாட்டில்கள் வரிசையாக இருந்தனவாம். பாதி, முக்கால், அடிமட்டம் என்று. யாரும் கதவைத் தட்டவில்லை, பணம் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் அரிசி வந்தபோது அவரைக் கூப்பிடவில்லை.

"பணத்தக் கேட்டு சண்டை போட்டிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன், சாரே" என்றார்.

அதிகாரிகள் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னேன். "மகரந்தமே இல்லைங்க. மகரந்தம் இல்லாம தேன் எப்படி?"

"அதுல மகரந்தம் இருக்காது சாரே. ரப்பர் தேன்ல பூவுக்கு வேலையே இல்ல. புது இலை வரும்பம் இலைக்காம்புல தேன் சுரக்கும். தேனீ அங்கதான் குடிக்கும். இலைத்தேனாக்கும் அது."

சிரித்துவிட்டேன். தாவரவியல் பட்டதாரியிடம் இலையில் தேன் என்கிறார். சிரித்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பூவுக்கு வெளியே சுரக்கும் தேன்சுரப்பி என்று கல்லூரியில் ஒரு பாரா படித்திருக்கிறேன். ஐந்து மார்க் கேள்வி. ஆமணக்கு இலைக்காம்பில் இரண்டு குமிழ் போட்டுப் படம் வரைந்து ஐந்தும் வாங்கியவன் நான். ஆமணக்கும் ரப்பரும் ஒரே குடும்பம் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பாராவும் இந்தப் பாட்டிலும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

அவரிடம் அதைச் சொன்னேனா? இல்லை. "இலையைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றேன்.

கொண்டு வந்தார். அண்ணன் ரயிலில் ஆள் மூலம் அனுப்பிய ரப்பர் இலைக்கொத்து, ஈரத்துணி சுற்றி வாழைப்பட்டையில் கட்டியிருந்தது. சீசன் முடிந்துவிட்டதாம். கன்று மரத்தில் தேடிப்பிடித்த தளிராம். மூன்று இலைகள் சேரும் இடத்தில், காம்பின் தலையில், பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். மூன்று சின்னக் குமிழ்கள். என் பரீட்சைப் படம் மாதிரியே இருந்தன. அவற்றின்மேல் லேசான பிசுபிசுப்பு.

அந்தப் பிசுபிசுப்புதான் என்னைக் கெடுத்தது. சீசன் முடிந்த பிறகு எப்படிச் சுரக்கும்? ஒருவேளை தேனைத் தடவிக் கொண்டு வந்திருப்பாரோ? எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இப்படி நினைத்தேன். கன்னியம்மா அக்கா கேட்காமலே ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எப்படிக்கா இருக்கு?"

"தித்திப்பா கீற மாதிரி கீது சார்." கொஞ்சம் யோசித்தார். "இல்லாத மாதிரியும் கீது."

என் நிலைமையும் அதுதான். அன்றைக்கு மேடத்திடம் போனேன். இந்தத் தடவை அவர் கேட்பதற்கு முன்பே, "சந்தேகம் உண்டு மேடம்" என்றேன். அவர் பேனாவை மூடினார். முழுவதையும் கேட்டுவிட்டு, "பதினொண்ணு எண்ணினியே, அது தேன்லேருந்துதான் வந்ததா?" என்றார்.

"பின்ன?"

"வெறும் தண்ணியைச் சுத்திப் பாத்தியா?"

பார்க்கவில்லை. எந்தச் சோதனையிலும் பொருளே போடாமல் ஒரு தடவை செய்து பார்ப்பது வழக்கம். மிளகாய்த்தூளுக்குச் செய்வேன். தேனில் மட்டும் செய்ததில்லை. முந்நூறு எண்ணுகிற இடத்தில் ஐந்தாறு வெளியிலிருந்து வந்தால் என்ன குறைந்துவிடும் என்று விட்டிருந்தேன். முந்நூறுக்கு அது பொருந்தும். பதினொன்றுக்குப் பொருந்துமா என்று யோசிக்கவில்லை.

வெறும் தண்ணீரை மூன்று ஸ்லைடு போட்டேன். சவுக்கு ஆறு, தென்னை ஒன்று. தொழிற்பேட்டைச் சுற்றுச்சுவர் ஓரம் சவுக்கு மரங்கள் வரிசையாக நின்றன. என் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியை நான் சரியாகப் போடுவதில்லை.

"அப்ப அஞ்சு சவுக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க" என்றார் மேடம். "நாலு தென்னையில நம்ம தென்னை எத்தனை?"

ஒன்றாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். தேனை நிராகரிக்க நான் வைத்திருந்த ஆதாரம் மகரந்தம் இல்லாதது. இருந்த பதினொன்றிலும் பாதிக்கு மேல் எங்கள் ஊர்க்காற்று. நான் ஆராய்ந்தது மார்த்தாண்டத்துத் தேனையா, அம்பத்தூர் ஜன்னலையா என்று ஆகிவிட்டது.

மேடம் தானே எழுந்து வந்து மிச்சம் வைத்திருந்த மாதிரி இரண்டைக் கொஞ்சம் எடுத்தார். ஸ்டார்ச் கரைசலில் கலந்து, மிதமான சூட்டில் வைத்து, சிறிது நேரத்துக்கு ஒரு தடவை ஒரு துளி எடுத்து அயோடின் விட்டார். ஸ்டார்ச் இருக்கும்வரை நீலம் வரும். தேனீயின் உமிழ்நீரிலிருந்து வரும் ஒரு பொருள் தேனில் இருந்தால் அது ஸ்டார்ச்சைத் தின்று தீர்த்துவிடும், நீலம் மறையும். சர்க்கரைப் பாகில் மறையாது. நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைப் பீங்கான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீலம். நீலம். நீலம். வழக்கமான தேனில் மறைந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எனக்குச் சொல்லவும் வெட்கம், அது மறையக்கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டிருந்தேன். மறையாவிட்டால் என் முதல் ரிப்போர்ட் சரி. இன்னொரு பக்கம் மறைய வேண்டும் என்றும் வேண்டினேன். கடைசியில் நீலம் வெளுத்தது, ஊதாவானது, போய்விட்டது.

"தேனீ தொட்ட சரக்குதான்" என்றார் மேடம். "ரொம்பச் சூடு பண்ணியிருக்காங்க. அதான் மெதுவா."

தங்கராஜைக் கேட்டபோது, ஈரம் அதிகமான தேன் புளிக்காமல் இருக்க அண்ணன் காய்ச்சித்தான் அனுப்புவார் என்றார். தேனைக் காய்ச்சினாலும் அந்தச் சோதனையில் லேசாகச் சிவப்புத் தட்டும். அப்படியானால் அந்த லேசான ரோஜா நிறத்துக்கும் காரணம் அதுதான். எல்லாம் பொருந்தியது. ஆனால் எனக்குள் இன்னொருவன் உட்கார்ந்துகொண்டு, நல்ல தேனில் பாதிக்குப் பாதி பாகு கலந்தாலும் நீலம் மெதுவாகத்தானே மறையும் என்று கேட்டான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. "நான் கேட்டேன். நீ இல்லைன்னே. நான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணினதுதான்" என்றார். புதுப் படிவம் எடுத்து, இந்தத் தடவை 'உட்படாதது' என்பதை அடித்துக் கொடுத்தேன். எல்லா அளவும் எல்லைக்குள் இருக்கும்போது வேறு எதை அடிக்க முடியும்? அவர் முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலேறி ஆவடிக்குப் போனேன். பண்டகசாலைச் செயலாளர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"ஏன் சார், போன மாசம் தேன் இல்லைன்னீங்க. இந்த மாசம் தேன்னு சொல்றீங்க. அடுத்த மாசம் என்ன சொல்லுவீங்க?"

"அது முதல் தடவை என் தப்பு சார்."

"நீங்க நல்ல தரம்னு சொன்னீங்களே மலைத்தேன், அது வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். அலமாரியில் இருந்த பாட்டில்களில் நுரை கட்டியிருந்தது. இரண்டில் தக்கை தானாக மேலே வந்து நின்றது. ஒன்று பொங்கி வழிந்து எறும்பு மொய்த்திருந்தது. அடையை அப்படியே பிழிந்த தேன் அது. தேனீக்கள் குஞ்சுகளுக்குச் சேர்த்துவைத்த மகரந்தமும் கூடச் சேர்த்துப் பிழிபட்டதால்தான் என் ஸ்லைடில் அவ்வளவு கூட்டம். நான் தரத்தை எண்ணவில்லை, பிழிந்த பிழியைத்தான் எண்ணியிருக்கிறேன். இத்தனைக்கும் அது கலப்படமில்லாத தேன்தான். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

புது ரிப்போர்ட்டைப் பலகையில் ஒட்டச் சொன்னேன். செயலாளர் தலையாட்டவில்லை. "பழசைப் பலகையிலேருந்து எடுத்தாச்சு. ஜனங்க மறந்துகிட்டு வர்றாங்க. புதுசா ஒண்ணு ஒட்டினா மறுபடி எல்லாம் பேசுவாங்க. விட்டுடுங்க சார்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை.

தங்கராஜ் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். எழுந்து கை துடைத்துக்கொண்டு நாற்காலியை எடுத்துப் போட்டார். அவர் மனைவி கருப்பட்டிக் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் பாட்டில்கள் தெரிந்தன. பாதி, முக்கால், அடிமட்டம். புது ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். செயலாளர் சொன்னதையும் சொன்னேன். அவர் படித்துவிட்டு மடித்தார்.

"நல்லது. அண்ணனுக்கு அனுப்பிவிடலாம். அவன் என்கூட பேசி ஒரு மாசம் ஆச்சு. நான்தான் எதையோ கலந்து வித்துட்டேன்னு அவன் நெனைக்கான்." மடித்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். "சாரே, ஒண்ணு கேக்கட்டா? இது தேனுன்னு நீங்க நம்புறீங்களா?"

"ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனே."

"அத படிச்சேன். நான் கேட்டது அது இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு நான் செய்திருந்த காரியத்துக்கு ஒரு பொய் சொல்வது பெரிய விஷயமில்லை. ஆனால் மேடத்திடம் ஒருநாள் 'இல்லை' என்று சொன்னது அதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

"தெரியலண்ணே" என்றேன். "தேனா இருக்கும்னுதான் தோணுது. உறுதியாத் தெரியல. அன்னிக்கும் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்பம் தெரியலன்னு எழுதியிருக்கலாமே" என்றார்.

"அப்படி எழுத படிவத்துல வழி இல்லண்ணே. உட்பட்டது, உட்படாதது ரெண்டுதான். ஒண்ணை அடிக்கணும்."

தங்கராஜ் எழுந்துபோய், அலமாரியிலிருந்து பசை காய்ந்த அந்த முதல் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தார். இரண்டு வாசகங்களுக்கும் கீழே, என் கையெழுத்துக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாத காகிதம் இருந்தது. கிரீஸ் கறை போகாத விரலை அங்கே வைத்தார்.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே, சாரே."